இரண்டு விரற்கடை குட்டையான காலண்டர்

என் உடம்புக்கு வந்ததை நானே எழுதுகிறேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். நாலைந்து வரி எழுதினால் தோள்பட்டை கடுத்துவிடுகிறது. வைத்துவிட்டு மறுநாள் எடுக்கிறேன். தப்பாக எழுதியதை மகள் மாரிச்செல்வி திருத்தி நல்ல தாளில் எடுத்து எழுதுகிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.

என்னோடு படுத்துக் கிடந்தவர்களின் நோயை இதில் எழுத மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது என்பதால், அவளிடம் போனில் கேட்டேன். "குறட்டை விடுவேன்னு வேணா எழுதிக்கோ. பேரு வேணாம், நோவு வேணாம்" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் குருவம்மாள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். மருமகன் லாரியில் போகிறவர், வீட்டில் தங்குவது குறைவு. மாரிச்செல்வி பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். நானும் வயது இருந்தவரை போனேன். பிறகு வீட்டிலேயே குழாய் உருட்டினேன். வெடிக்குள் மருந்து போவதற்கு முன்னால் காகிதத்தைச் சுருட்டிப் பசை தடவி வெறும் குழாய் செய்ய வேண்டும். அதில் மருந்து கிடையாது, ஆபத்தும் கிடையாது. எங்கள் வரிசையில் பாதி வீட்டில் இந்த வேலைதான். சிவகாசி அச்சாபீசுகளில் கழித்துப் போடுகிற தாள் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு, பள்ளிக்கூடப் புத்தகம், எல்லாம் கலந்திருக்கும். உருட்டிக்கொண்டே படிப்போம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் எழுத்துக் கற்றது அந்தக் கழிவுத் தாளில்தான்.

நோய் வந்தது ஆனி மாதம். வயிறு உப்பிக்கொண்டது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தேன். பிறகு வெளிக்குப் போவதும் நின்றது, காற்றும் பிரியவில்லை. வயிறு பானையைக் கவிழ்த்தது போல ஆகிவிட்டது. குடித்த தண்ணீர் திரும்பி வந்தது. அப்போதும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் ஒருவரிடம் போய் உடம்பைக் காட்டிப் பழகாதவள். பிள்ளைப்பேறும் வீட்டில்தான்.

விடியற்காலை கம்பெனி வேன் வந்தபோது மாரிச்செல்வி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அதில் ஏற்றினாள். உட்கார முடியவில்லை. வேனில் இருந்த பெண்கள் நான் படுக்க இடம் விட்டு இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் கம்பெனிக்கு நடந்து போனார்கள், கால் கூலியும் பிடித்தார்களாம். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா மட்டும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு சிவகாசி வரை வந்தாள். அங்கே பார்த்துவிட்டு ஆம்புலன்சில் விருதுநகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் காத்திருப்புதான். சக்கர நாற்காலியில் ஒரு சுவரோரம் விட்டார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் இறக்கினார்கள், அதில் பச்சையாக வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கப்போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சை இழு என்றார்கள், விடு என்றார்கள். எனக்கு எதிலே மூச்சு இருந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். மாரிச்செல்வியிடம் சொன்னார்: "தோட்டத்துக்குத் தண்ணி விடுற ரப்பர் டியூபு முறுக்கிக்கிட்டா என்ன ஆகும்? தண்ணி போகாதுல்ல. அம்மாவுக்குப் பெருங்குடல் அப்படி முறுக்கிக்கிச்சு. அந்த எடத்துல ரத்தம் ஓடாம கறுத்துப்போயிருந்தா வெட்டி எடுக்கணும்." அவள் கையெழுத்துப் போட்டாள். என் கையையும் பிடித்துப் பெருவிரல் ரேகை வைத்தார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும் என்று சொல்லத் தெம்பில்லை. இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

கண் விழித்தபோது வயிற்றில் இடது பக்கம் ஒரு பை ஒட்டியிருந்தது.

அதை எனக்குச் சொல்ல வந்த டாக்டர் முதலில் திரையை இழுத்துவிட்டார். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஆள். அவர் குனிந்து என் காதுக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னார். கெட்டுப்போன குடலை வெட்டியாகிவிட்டது. மிச்சத்தை உடனே சேர்த்துத் தைத்தால் பிரிந்துவிடும். அதனால் குடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறது. அதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். மலம் இனி அந்த வழியாகப் பையில் விழும். நாம் அடக்க முடியாது. சில மாதம் கழித்து உடம்பு தேறினால் இன்னொரு ஆபரேஷன் செய்து உள்ளே சேர்த்து மூடிவிடலாம். வெட்டிய துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, புற்றாக இருக்காது என்று நினைக்கிறோம், முடிவு வரட்டும்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்களுக்கு. ஒங்களுக்கு. ஒங்க மகளுக்கு."

"அதோட இருக்கட்டும் தம்பி."

"இருக்கும்மா" என்றார்.

சோதனை முடிவு வரும்வரை இருந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. புற்று இல்லை என்று வந்தது. மாரிச்செல்வி வாசலில் போய் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவி, இட்லியோடு வந்தாள்.

பையை மாற்ற நர்சு அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். வெந்நீரில் துடைத்து, புண் ஆகாமல் பவுடர் போட்டு, வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும். முதல் தடவை நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. கம்பெனியில் போர்மேன் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே வேலையை முடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவளிடம் ஒரு கதை இருந்தது. பாதி அவளே கட்டினது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. எங்கள் வரிசைக்கெல்லாம் சேர்த்து இரண்டே கக்கூசு. வீடு ஒரே அறை. தீபாவளிச் சீசன், அவள் லீவு போட்டால் வேலை போய்விடும். விருதுநகர் ஓரத்தில் ஒரு டிரஸ்டு நடத்துகிற பராமரிப்பு இல்லம் இருந்தது. வயதானவர்களையும் ஆபரேஷன் முடிந்து போக்கிடம் இல்லாதவர்களையும் வைத்துப் பார்க்கிற இடம். நர்சு உண்டு. அங்கே சேர்த்தாள். சேரும்போது தாள் நீட்டினார்கள், இந்தத் தடவை கையெழுத்தே போட்டேன். படிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை.

இல்லத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. சோறு சூடாக இருந்தது. படுக்கை சுத்தம். வார்டன் ஜெயராணி பம்பரமாகச் சுற்றுகிற பெண்; ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே திரை இல்லை. நீளமான கூடம், இரண்டு பக்கமும் கட்டில். பையை அங்கேதான் மாற்றினார்கள். எதிர்க் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் சோற்றுத் தூக்கோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் ஆயா கூடத்தின் அந்த முனையிலிருந்து கத்துவாள்: "பை அம்மாவுக்குக் கொழஞ்ச சோறு."

பை அம்மா நான்தான். மற்றவர்களையும் அவரவர் நோயைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை.

"எனக்குப் பேரு இருக்கு" என்று ஒரு நாள் ஆயாவிடம் சொன்னேன்.

"பேரு எம்புட்டுன்னு ஞாபகம் வைக்க? பேர மாத்திச் சொல்லிரலாம், சோத்த மாத்திக் குடுத்துட்டா ஒங்களுக்குத்தான கேடு" என்றாள். அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதனால் சும்மா இருந்தேன்.

பக்கத்துக் கட்டில்காரி மட்டும் என்னைக் "குருவு" என்று கூப்பிட்டாள். மதியம் படுத்தால் மில் சங்கு மாதிரி குறட்டை விடுவாள். எழுந்ததும், "தூங்கவே முடியலடி, ஒன் கட்டிலு கிறீச்சுன்னுது" என்பாள்.

அந்த இல்லத்துக்கு வருமானம் என்பது சாப்பாடு போட வருகிறவர்கள்தான். பிறந்தநாளுக்கு, கல்யாணநாளுக்கு, இறந்தவர்கள் நினைவுக்கு யாராவது மதியச் சோறு போடுவார்கள். போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். ஜெயராணி கூடவே வந்து கட்டில் கட்டிலாக நின்று சொல்வார். இவுகளுக்கு இது, இவுகளுக்கு அது. என் கட்டிலுக்கு வந்ததும், "இந்த அம்மாவுக்குக் கொடலே வெளியதான் இருக்கு, பையிலதான் எல்லாம்" என்பார். குழந்தைகள் என் போர்வையையே பார்க்கும். பெரியவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுக் கையில் ஒரு ஆரஞ்சுப்பழத்தைத் திணிப்பார்கள். அந்தப் பழத்தை நான் ஒன்றுகூடத் தின்றதில்லை. பக்கத்துக் கட்டில்காரிதான் தின்பாள்.

ஆவணியில் ஹமீது பாய் சாப்பாடு போட்டார். சிவகாசியில் அச்சாபீசு வைத்திருக்கிறவர், அவருடைய தாயார் நினைவுக்கு. தாராளமான மனிதர். நெய்ச்சோறு, கறி, சைவத்துக்குத் தனியாகக் குருமா. அவரே வாளி தூக்கிப் பரிமாறினார். சாப்பாடு முடிந்ததும் அவரோடு வந்த ஒருவர் ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார். இல்லத்துக்கு அடுத்த வருசக் காலண்டர் பாய் இலவசமாக அடித்துத் தருகிறார் என்றார் ஜெயராணி. நான் தலையைச் சீவி, அரக்குச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். போட்டோ என்றால் எனக்கு ஆசை உண்டு. அதில் என்ன வெட்கம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வி வந்தாள். எப்போதும் வந்ததும் பையைப் பார்ப்பவள், அன்றைக்குக் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையையே நெருடிக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"எம்மா, நேத்து உருட்டுறதுக்குக் கட்டு வந்துச்சு. பிரிச்சா இது. மொதல்ல யாரோன்னு நெனச்சேன்."

மார்ச் மாதக் காலண்டர்ப் பக்கம். மேலே இல்லத்தின் பேரும் போன் நம்பரும். அதற்குக் கீழே அரக்குச் சேலையில் நான். அச்சாபீசில் மிஷினைச் சரிபார்க்க முதலில் கொஞ்சம் தாள் ஓட்டுவார்கள், நிறம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாது; அந்தத் தாள். என் முகத்துக்கு இரண்டு விளிம்பு இருந்தது. தேதிக் கட்டங்களுக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டை. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். என் பெயர். என் ஊர். குடல் வெளியே வைக்கப்பட்டு, மலம் பையில் போகும் நிலையில் உள்ள இந்தத் தாய்க்கு உதவுங்கள்.

இரண்டாம் தடவை வாசிக்கவில்லை.

"ஒனக்கு மட்டுந்தான் வந்துச்சா?"

"நம்ம வரிசைக்கே அந்த லோடுதாம்மா எறங்குச்சு. ஆளுக்கு ஒரு கட்டு." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "என் கட்டுல இருந்தத எல்லாம் பொறுக்கி அடுப்புல வச்சிட்டேன். மத்தவுகளுக்கு வந்ததுல இருந்துச்சா இல்லையான்னு எப்படிப் போய்க் கேக்க?"

கேட்டால் இல்லாதவர்களுக்கும் தெரிந்துவிடும். அது சரிதான். இது ஓட்டிப்பார்த்த தாள். நல்ல தாள் இனிமேல்தான். அது மளிகைக் கடையிலும், டீக்கடையிலும், வேன் டிரைவர் வீட்டிலும் சுவரில் தொங்கும். மார்ச் மாதம் முழுக்க நான் அங்கே வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பை எடுத்த பிறகும் அந்த ஊரில்தானே நான் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும்.

எழுந்து ஜெயராணியின் அறைக்கு நடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். மகள் பின்னாலேயே, "எம்மா, சண்டை போட்றாத. தொரத்தி விட்டுட்டாகன்னா ஒன்னிய எங்கன வச்சுப் பாப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஜெயராணி தாளைப் பார்த்ததும் அசதியாகச் சிரித்தார். "கலரு நல்லா விழலியேன்னு கவலப்படாதீக. அசல்ல சரியா வரும்."

"கீழ இருக்குறத எடுத்துருங்க."

"எதை?"

"என் நோவ."

அவர் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "அம்மா, தப்பா எடுத்துக்கிறாதீக. நோவச் சொன்னாத்தான் நாலு பேரு தருவாக. சும்மா போட்டோவப் போட்டா யாரு திரும்பிப் பாப்பா? போன வருசக் காலண்டரப் பாத்துட்டுத்தான் ஒருத்தரு நர்சுக்கு வருசச் சம்பளம் தாரேன்னு வந்தாரு. அந்த நர்சுதான் ஒங்களுக்குப் பை மாத்துது."

"எனக்குப் பை மாத்துறதுக்கு ஊரு பூரா என் பையப் பாக்கணுமா?"

"சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கீகளே."

"வைத்தியம் பாக்கத்தான் போட்டேன். பறையடிக்கப் போடல."

அவர் முகம் சிவந்தது. டிரஸ்டுக்காரர்கள் எடுத்த முடிவு, தன் கையில் இல்லை, ரொம்பப் பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். மாரிச்செல்வி என் முழங்கையைப் பிடித்தாள்.

"பாய வரச் சொல்லுங்க. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறதுன்னா போறேன்" என்றேன்.

கட்டிலுக்கு வந்ததும் எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. போகச் சொன்னால் எங்கே போவது என்று எனக்கும் தெரியாது. இரண்டாம் ஆபரேஷனுக்கு இன்னும் நாள் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "என் பக்கம் எந்த மாசம்டி?" என்றாள் மெதுவாக. அவளையும் போட்டோ எடுத்திருந்தார்கள். அவளுக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மகன் ஊரில் பெரிய கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு அவள் குறட்டை விடவில்லை.

ஹமீது பாய் மறுநாளே வந்துவிட்டார். மாரிச்செல்வியும் ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று ஊருக்குப் போகாமல் தங்கியிருந்தாள். கையில் ஒரு பை ஆப்பிள். என் கட்டிலருகே நின்று, "என்னம்மா, போட்டோ புடிக்கலியா?" என்றார்.

"போட்டோ நல்லாருக்கு பாய். ஒங்க அம்மா பேருக்குத்தான அன்னைக்குச் சோறு போட்டீக?"

"ஆமாம்மா."

"அவுக என்ன நோவுல போய்ச் சேந்தாக?"

அவர் ஜெயராணியைப் பார்த்தார். ஆயா கரண்டியோடு நின்றாள். கூடத்தில் எல்லோரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வயசாயிருச்சும்மா" என்றார். "அம்புட்டுத்தான்."

"எனக்கும் அதையே எழுதிருங்க பாய்."

அவர் ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, ஆஸ்பத்திரி டாக்டர் பேசினாரே அந்தக் குரலில் சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக எங்கம்மா. அது எனக்கு இங்கன ஞாபகம் வரல பாருங்க."

நல்ல தாளும் பாதிக்குமேல் அடித்தாகிவிட்டது என்றார் பிறகு. அத்தனையும் கழிப்பது என்றால் பெரிய நட்டம். எல்லாப் பக்கத்திலும் எழுத்து அடி ஓரத்தில்தான் இருக்கிறது. கட்டிங் மிஷினில் வைத்து அந்தப் பட்டையை மட்டும் வெட்டிவிடலாம், காலண்டர் இரண்டு விரற்கடை குட்டையாகும், அவ்வளவுதான்.

"குட்டையானா என்ன, தேதி தெரிஞ்சாப் போதும்" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. "என் போட்டோவே வேணாம். அந்தப் பக்கத்துக்கு வேற எதையாச்சும் போடுங்க, ஒரு ரோசாப்பூ போடுங்க."

"வெட்டுன பட்டைய என்ன செய்வீக?" என்று மாரிச்செல்வி கேட்டாள். அவர்களுக்கு நடுவே அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேஸ்டுக்குத்தான்" என்று சொல்லத் தொடங்கிய பாய் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிவகாசியில் வேஸ்டு எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. "இல்ல. சாக்குல கட்டி இங்கயே அனுப்பிடுறேன். என்ன செய்யணுமோ நீங்களே செஞ்சுக்கோங்க."

மூட்டைகள் வந்தன. எரிக்கலாம் என்றாள் ஆயா. அக்கம்பக்கம் குடிசைகள் இருந்ததால் ஜெயராணி வேண்டாம் என்றுவிட்டார். துணி துவைக்கிற தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஊறப் போட்டோம். உட்கார முடிந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கையால் பிசைந்தோம். மஞ்சள் கூழாகக் கரைந்தது. பக்கத்துக் கட்டில்காரி முழங்கை வரை கையை விட்டுக் கலக்கினாள்.

"பாத்துக்கோ குருவு. ஒன் நோவும் என் நோவும் ஒரே தொட்டியில கரையுது. எது யாருதுன்னு இனிமே சாமிக்கே தெரியாது."

ஜெயராணி வாசலில் நின்று பார்த்தார். அவரும் சேலையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் கூடத்தில் கயிறு கட்டிப் பழைய போர்வைகளைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். சாப்பாடு போட வருகிறவர்களைக் கூடத்து வாசலோடு நிறுத்தி, "வயசானவுக, ஒடம்பு முடியாதவுக" என்று மட்டும் சொன்னார் ஜெயராணி. தருகிறது கொஞ்சம் குறைந்ததாக ஆயா சொன்னாள், குறைந்திருக்கலாம். ஆயாவுக்கு வாய் பழக நாளானது. "பை..." என்று தொடங்கி, விழுங்கிக்கொண்டு, "குருவம்மாவுக்குக் கொழஞ்ச சோறு" என்பாள்.

கார்த்திகையில் இரண்டாம் ஆபரேஷன். அதற்கு முன்னால் குடலுக்குள் மருந்துச் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள், வழி சீராக இருக்கிறதா என்று பார்க்க. பிறகு பையை எடுத்து, குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் ஒரே ஒரு கேள்விதான், காலையும் மாலையும்: "காத்து பிரிஞ்சுதா?" குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. என் உதட்டை ஈரத்துணியால் நனைத்துவிட்டு, மாரிச்செல்வி என் முகத்தையே பார்த்திருப்பாள். ஒரு விடியற்காலை பிரிந்தது. அவளிடம் சொன்னேன். அவள் நர்சின் காதில் போய்ச் சொன்னாள். காதில்தான் சொன்னாள்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். வயிற்றில் ஒரு தழும்பு, நடந்தால் இழுக்கிறது. மற்றபடி பழைய ஆள்தான், வேகம்தான் இல்லை. காலண்டரை மாரிச்செல்வி ஆணியில் மாட்டினாள். நான் அதை மார்ச்சுக்குத் திருப்பி வைத்தேன். தேதி தப்பாகக் காட்டுகிறது என்று அவள் சொன்னாள். தேதி பார்க்கப் போன் இருக்கிறதே.

மறுநாள் பாண்டியம்மா வந்தாள், கையில் அவளுடைய குழாய்க் கட்டோடு. வேனில் என் தலையை மடியில் வைத்திருந்தவள். கீழே உட்கார்ந்து, பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து உருட்டத் தொடங்கினாள். வேலை நடக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சு வரும். நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தாள்.

"போட்டோவுல ராணி கணக்கா இருக்கீக மதினி. இதுல கலரும் சரியா விழுந்திருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் கை நிற்கவில்லை. தாளை எடுத்தாள், மடித்தாள், கம்பியில் சுற்றினாள்.

"புரட்டாசியில ஒரு கட்டு வந்துச்சு" என்றாள், என்னைப் பார்க்காமல். "அச்சு உள்ளாற போற மாதிரி வச்சு உருட்டிட்டேன். பசையும் கொஞ்சம் கூடத்தான் தடவுனேன். யாரும் பிரிக்க முடியாது."

வரிசையில் குழாய் உருட்டுகிற அத்தனை வீட்டுக்கும் அந்தக் கட்டு வந்திருக்கிறது. நான் திரும்பி வந்ததிலிருந்து, தண்ணீர்க் குழாயடியிலும் சரி, கடையிலும் சரி, "ஒடம்பு தேவலையா" என்பதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை பேர் அச்சை உள்ளே வைத்து உருட்டினார்களோ தெரியாது. பாண்டியம்மாவிடம், படித்தாயா என்று நான் கேட்கவில்லை. அது அவளுடையது.

அவள் எதிரே உட்கார்ந்தேன். குனிந்தால் தழும்பு இழுக்கும் என்பதால் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு தாளை எடுத்து நானும் உருட்டினேன். பழகின கை, அதுபாட்டுக்குப் போயிற்று.

"எனக்கு என்ன வைத்தியம் பாத்தாகன்னு சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க மதினி."

ஓமத் தண்ணீரிலிருந்து தொடங்கிச் சொன்னேன். முறுக்கிய குடல், பை, திரை, எல்லாம் சொன்னேன். பாண்டியம்மா குழாயைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கேட்கிறவள் போலவே கேட்டாள்.